குலைநோய்க்கு வெள்ளி நானோவா? முதலில் மூன்று தட்டு காட்டுங்கள்

வேப்பிலைச் சாற்றில் செய்தது என்ற ஒரே காரணத்துக்காக, மிக நுண்ணிய வெள்ளித் துகள்கள் மிதக்கும் வெள்ளி நானோ கரைசலை, நெல்லின் பூஞ்சை நோயான குலைநோய்க்கு இயற்கை மருந்து என்று சொல்லி சம்பா வயலில் அடிக்கச் சொல்வதை நான் ஏற்கவில்லை. வெள்ளி பூஞ்சையைக் கொல்லும், அதில் சந்தேகமில்லை. கொன்றது நானோ துகள்தானா என்று காட்டிவிட்டு வயலுக்கு வாருங்கள்.

செய்முறை எளிது. கழுவிய வேப்பிலை 10 கிராமை 100 மி.லி. வாலைவடிநீரில் 10 நிமிடம் கொதிக்கவைத்து, ஆறியதும் வடிதாளில் வடிகட்ட வேண்டும். தனியாக ஒரு லிட்டர் வாலைவடிநீரில் 0.17 கிராம் வெள்ளி நைட்ரேட் கரைத்தால் ஒரு மில்லிமோலார் செறிவுள்ள கரைசல். அதில் 90 மி.லி. எடுத்து 10 மி.லி. சாறு விட்டு இருட்டில் வைத்தால் இளமஞ்சள் பழுப்பாக மாறும். கையுறை கட்டாயம், பட்ட இடம் கறுத்துவிடும்.

கெடுப்பது தண்ணீர்தான். வேதாரண்யம் பக்கத்து உப்பு போர் தண்ணீரை ஊற்றினால் அதிலுள்ள குளோரைடு வெள்ளியைப் பிடித்துக்கொள்ளும், கரைசல் பால்போலக் கலங்கும். இலையைக் கடைசியாக அலசுவதும் வாலைவடிநீரிலேயே இருக்கட்டும். சாறு பழசாகிப் புளித்தால் வினை மந்தமாகும், துகள்கள் திரண்டு சாம்பல் நிறத்தில் அடியில் படியும். வெயிலில் வைத்தால் வெளிச்சமே வெள்ளியை மாற்றிவிடும், சாறு என்ன செய்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது.

பழுப்பு வந்தாலே வெற்றி என்று எழுதிவிடுகிறார்கள். கரைசல் எந்த ஒளியை உறிஞ்சுகிறது என்று அளக்கும் ஸ்பெக்ட்ரோமீட்டரில், 400 முதல் 450 நானோமீட்டர் அலைநீளத்துக்குள் முகடு தெரிய வேண்டும். அதுவும் போதாது. வினையில் சேராமல் மிஞ்சிய வெள்ளி அயனியே (துகளாகாமல் கரைந்தே இருக்கும் வெள்ளி) பூஞ்சையைக் கொன்றுவிடும். துகளை மையவிலக்கியில் வேகமாகச் சுற்றிப் பிரித்து, பலமுறை கழுவிய பிறகே பூஞ்சை வளர்க்கும் அகர் தட்டில் இட வேண்டும். பக்கத்திலேயே சாறு மட்டும் ஒரு தட்டு, வெள்ளி நைட்ரேட் மட்டும் ஒரு தட்டு, எதுவும் சேர்க்காத தட்டு ஒன்று. இந்த மூன்றும் இல்லாத முடிவை நான் நம்ப மாட்டேன்.

வெள்ளி மட்கிப் போகாது, சேற்றில் கந்தகத்தோடு சேர்ந்து தங்கிவிடும். கிலோ விதைக்கு 10 கிராம் சூடோமோனாஸ் என்ற நோய் தடுக்கும் நல்ல பாக்டீரியா கலந்து விதைத்த வயலில் வெள்ளியை அடித்தால், காசு கொடுத்து வாங்கிய பாக்டீரியாவையும் அது தாக்கும். வெள்ளிக்கு நல்லது கெட்டது தெரியாது. யூரியாவைக் குறைத்துப் பிரித்துப் போடுவதும் வரப்புப் புல்லை அறுப்பதும் குலைநோயைக் கட்டுக்குள் வைக்கும், அதை முதலில் செய்வோம். நானோ ஆய்வு இப்போதைக்குத் தொட்டி நெல்லில் நடக்கட்டும். அரிசியிலும் வைக்கோலிலும் எவ்வளவு வெள்ளி ஏறியது என்று அளந்து காட்டட்டும். அந்த வைக்கோல்தான் நம் மாட்டுக்குப் போகிறது.