ஜாக்கி தூக்கினால் துரு போகாது

"கடற்கரை வீடா? ஜாக்கி (பாரம் தூக்கும் கருவி) வைத்து வீட்டையே மூன்று அடி தூக்கிவிட்டால் சுவர் ஈரம், கம்பித் துரு எல்லாமே தீர்ந்தது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பாதிதான் சரி. ரோடு போட்டுப் போட்டுத் தெரு உயர்ந்து, மழைத்தண்ணீர் வாசலேறும் வீட்டுக்கு அது நல்ல வழி. திருவான்மியூரில் எங்கள் சித்தி வீட்டைத் தூக்கினோம். தண்ணீர் இப்போது உள்ளே வருவதில்லை.

ஆனால் உப்பு தரை வழியாக மட்டுமா வருகிறது? காற்றிலேயே வந்து கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் தின்கிறது. துருவேறிய கம்பி பருத்து, பூச்சை வெடிக்க வைக்கும். சித்தி வீட்டுக் கூரையைச் சுத்தியலால் தட்டினால் 'டொக் டொக்' என்று பொள்ளல் சத்தம்; உள்ளே கம்பி அப்பளம்போல் உதிர்ந்தது. கடற்கரைச் சூழலுக்கு ஐஎஸ் 456 (கான்கிரீட் கட்டுமானத்துக்கான இந்தியத் தர விதி) கேட்கும் கவர், அதாவது கம்பியை மூடியிருக்க வேண்டிய கான்கிரீட்டின் தடிமன், 45 மி.மீ. அங்கே இருந்தது விரல் தடிமன்கூட இல்லை.

அதனால் முதலில் ஸ்ட்ரக்சுரல் என்ஜினியரைக் கூப்பிட்டுக் கூரையைப் பாருங்கள், அப்புறம் ஜாக்கிக்காரர். சிதைந்த கூரையோடு தூக்குவது காசையும் வீணாக்கும், ஆபத்தும்கூட. இன்னொன்று: உயர் அலைக் கோட்டிலிருந்து (கடல்நீர் ஏறிவரும் உச்ச எல்லை) 500 மீட்டருக்குள் என்றால் கடலோர ஒழுங்குமுறை விதிகளையும் கேட்டுக்கொள்ளுங்கள்.