அட்டெயின்மென்ட் 2.6, போன ஃபியூஸ் மூன்று

தர அங்கீகாரக் கமிட்டி வரும் வாரத்துக்கு முன்னால் எந்தப் பொறியியல் கல்லூரி ஸ்டாஃப் ரூமை எட்டிப் பார்த்தாலும் ஒரே காட்சிதான். மூன்று வருடத்துக்கு முந்தைய இன்டர்னல் மார்க்கைக் கேள்வி வாரியாகப் பிரித்து எக்ஸெல்லில் ஏற்றிக்கொண்டிருப்போம். பாடத்துக்கு ஐந்தாறு சிஓ (அந்தப் பாடம் முடிந்ததும் பிள்ளைக்கு வரவேண்டியவை), அதைப் பிஓக்களோடு (பட்டம் முடிக்கும்போது வரவேண்டிய திறன்கள்) எவ்வளவு பொருந்துகிறது என்று 1, 2, 3 போட்டு மேப்பிங். நானும் விடிய விடிய உட்கார்ந்தவன்தான்.

2014-ல் இந்தியா, பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று அங்கீகரிக்கும் வாஷிங்டன் ஒப்பந்தத்தில் முழு உறுப்பினர் ஆனது. என்ன நடத்தினோம் என்பதை விட்டுவிட்டு, பிள்ளைக்கு என்ன வந்தது என்று காட்டு என்பதுதான் அதன் சாரம். இதில் எனக்குச் சண்டையே இல்லை. நாம் அதை என்ன பாடுபடுத்துகிறோம் என்பதில்தான்.

போன வருடம் 'ஓம் விதியை எழுதுக'. இந்த வருடம் 'ஓம் விதியை ஆராய்க'. பிள்ளைகள் எழுதுவது அதே நாலு வரி. கேள்வி மட்டும், ப்ளூம் வகுத்த சிந்தனைப் படிகளில் கே1-லிருந்து (நினைவு) கே4-க்கு (ஆராய்தல்) ஏறிவிட்டது. ப்ளூம் பாவம்.

இலக்கு வைப்பதும் நாம், மார்க் போடுவதும் நாம். பிள்ளைகள் அந்த இலக்கை எவ்வளவு எட்டினார்கள் என்பதற்கு மூன்றுக்கு ஒரு எண், அதுதான் அட்டெயின்மென்ட். 3 வந்தால் கமிட்டிக்குச் சந்தேகம் வரும்; 1.5 வந்தால் 'என்ன நடவடிக்கை எடுத்தீர்கள்' என்று இன்னொரு ஃபைல். அதனால் எல்லோருக்கும் 2.3-லிருந்து 2.7-க்குள் வந்துவிடுகிறது.

என் மின்சுற்றுப் பாடத்துக்கு 2.6. அதே பிள்ளைகளை அடுத்த செமஸ்டர் லேபில் மின்னோட்டத்தை அளக்கச் சொன்னேன். ஒரே மதியத்தில் மூன்று மல்டிமீட்டர் ஃபியூஸ் போச்சு. "அம்மீட்டரை எப்படி மாட்டணும்மா?" "சீரிஸ்ல சார்." டக்கென்று பதில் வந்தது. அவள் கையிலிருந்த ஒயர் மட்டும் பேரலலில் இருந்தது. லேப் அண்ணன் ஒன்றும் பேசாமல் ஃபியூஸ் டப்பாவை நீட்டினார்.

அப்புறம் ஒரு சின்ன மாற்றம் செய்து பார்த்தேன். ஆளுக்கொரு போர்டு, அதில் நானே வைத்த ஒரு கோளாறு, பத்து நிமிடம். எங்கே கோளாறு, எப்படிக் கண்டுபிடித்தாய் என்று வாயால் சொல்லவேண்டும். அறுபது பேருக்கு மூன்று நாள் ஆனது, தொண்டை கட்டிக்கொண்டது. ஆனால் யாருக்கு எது வரவில்லை என்று முதல்முறையாக எனக்குத் தெரிந்தது. பலருக்கு மீட்டரில் சுழியம் வந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்றே புரியவில்லை. எந்த சிஓவிலும் இல்லாத விஷயம் அது.

கண்டுபிடித்தவர்கள் 22 பேர். அட்டெயின்மென்ட் கணக்கில் 1-கூட வராது. அப்படியே போட்டு துறைத்தலைவரிடம் கொடுத்தேன்.

பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார். "சார், டெஸ்ட் நல்ல டெஸ்ட். இதை ஃபைல்ல வெச்சே ஆகணுமா?"