காப்பீட்டுக்காரர்கள் எழுதிய போர் விதி

ஒரு நாடு இன்னொரு நாட்டின் கணினிகளைத் தாக்கினால் அது போரா, இல்லையா? 1998-இல் ரஷ்யா முதல் தீர்மானத்தைக் கொண்டுவந்த நாளிலிருந்து ஐ.நா. சபை இந்தக் கேள்வியைச் சுற்றிச் சுற்றி வருகிறது. ஆனால் ஒரு நீதிமன்றம் இதற்கு நேருக்கு நேர் பதில் சொல்ல நேர்ந்தது போர்க்குற்ற விசாரணையில் அல்ல. ஒரு மருந்து நிறுவனம் இழப்பீடு கேட்டுத் தொடுத்த காப்பீட்டு வழக்கில்!

கதை 2017 ஜூன் 27 அன்று தொடங்குகிறது. உக்ரைனில் வரிக் கணக்கு போடுவதற்குப் பல நிறுவனங்கள் பயன்படுத்திய எம்.இ.டாக் என்ற மென்பொருளின் புதுப்பிப்பில் யாரோ தீநிரல் ஒன்றைச் செருகிவிட்டார்கள். நாட்பெட்யா என்று அதற்குப் பெயர் வந்தது. பார்வைக்குப் பணம் பறிக்கும் ரேன்சம்வேர் போல இருந்தது. பணம் கட்டினாலும் கோப்புகள் திரும்ப வராது. அதன் வேலையே அழிப்பதுதான். குறி உக்ரைன்தான் என்றாலும் தீநிரலுக்கு எல்லைக்கோடு தெரியாதே. டென்மார்க்கின் மேர்ஸ்க் கப்பல் நிறுவனம் 4,000 சர்வர்களையும் 45,000 கணினிகளையும் பத்து நாட்களில் முதலிலிருந்து நிறுவ வேண்டியிருந்தது. அமெரிக்காவின் மெர்க் மருந்து நிறுவனத்தில் பல்லாயிரம் கணினிகள் முடங்கின. உலகம் முழுவதும் மொத்த இழப்பு சுமார் 1,000 கோடி டாலர் என்று வெள்ளை மாளிகை மதிப்பிட்டது. 2018 பிப்ரவரியில் அமெரிக்காவும் பிரிட்டனும் ரஷ்ய இராணுவத்தைக் குற்றம்சாட்டின. ரஷ்யா மறுத்தது.

மெர்க் சுமார் 140 கோடி டாலர் இழப்பீடு கேட்டது. காப்பீட்டு நிறுவனங்கள் ஒப்பந்தத்தில் இருந்த ஒரு பழைய வரியைக் காட்டின: பகைமை அல்லது போர் போன்ற நடவடிக்கையால் வரும் சேதத்துக்குப் பணம் கிடையாது. “ரஷ்ய அரசே செய்தது என்று உங்கள் அரசே சொல்கிறதே, பிறகு எங்களிடம் ஏன் வருகிறீர்கள்?” என்பதுதான் அவர்களுடைய வாதத்தின் சாரம். நியூஜெர்சி நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அந்த வரி படைகள் மோதும் போரை மனதில் வைத்து எழுதப்பட்டது; சைபர் தாக்குதல்கள் பெருகிய பிறகும் சொற்களை மாற்றாமல் விட்டது காப்பீட்டுக்காரர்களின் பாடு என்றது. 2023 மே மாதம் மேல்முறையீட்டிலும் அதே முடிவு. அடுத்த கட்டத்துக்குப் போகுமுன் இரு தரப்பும் சமரசம் செய்துகொண்டன.

இதற்கிடையில் நடந்ததுதான் எனக்கு மிகவும் சுவையாகப் படுகிறது. 2022 ஆகஸ்டில் லண்டன் லாயிட்ஸ் காப்பீட்டுச் சந்தை தன் உறுப்பினர்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. 2023 மார்ச் 31 முதல் எழுதப்படும் சைபர் காப்பீடுகளில், அரசுகளின் பின்புலத்தோடு நடக்கும் தாக்குதல்களுக்கான விலக்கு தெளிவாக இருக்க வேண்டும். எந்தத் தாக்குதல் எந்த அரசுடையது என்று எப்படித் தீர்மானிப்பது என்பதற்கும் ஒப்பந்தத்தில் வழி சொல்லியிருக்க வேண்டும். இத்தனை ஆண்டுகளாக நாடுகள் நழுவிக்கொண்டிருந்த இரண்டு கேள்விகளை, எது போர், செய்தது யார் என்பதை, பணம் தம் கையை விட்டுப் போகும் என்றதும் வணிகர்கள் ஒரே சுற்றறிக்கையில் எடுத்துக்கொண்டார்கள்.

ஆகவே “சைபர் போருக்கு விதியே இல்லை” என்று யாராவது பெருமூச்சு விட்டால் எனக்கு எரிச்சல் வருகிறது. விதி இருக்கிறது. தெளிவு வந்துவிடக் கூடாது என்பதில்தான் அரசுகளுக்கு அக்கறை. மங்கலாக இருக்கும்வரை அதில் எல்லோருக்கும் ஆதாயம் உண்டு.

என்னென்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம். ஐ.நா. சாசனமும் ஜெனீவா ஒப்பந்தங்களும் இருக்கின்றன. இணையவெளிக்கும் சர்வதேசச் சட்டம் பொருந்தும் என்று ஐ.நா. வல்லுநர் குழு 2013-லேயே ஒப்புக்கொண்டது. 2007-இல் எஸ்டோனியாவின் வங்கிகளும் அரசுத் தளங்களும் தாக்கப்பட்டதை அடுத்து, அந்நாட்டின் தலைநகர் தாலினில் நேட்டோவின் ஆதரவோடு ஒரு மையம் அமைந்தது. சைபர் தாக்குதல்களுக்குச் சர்வதேசச் சட்டம் எப்படிப் பொருந்தும் என்று விளக்க, அதன் அழைப்பில் சட்ட அறிஞர்கள் உருவாக்கிய தாலின் கையேடு 2013-இல் வந்தது. 2017-இல் வந்த இரண்டாம் பதிப்பில் மட்டும் 154 விதிகள். அந்தக் கையேடு எந்த நாட்டையும் கட்டுப்படுத்தாது என்பது உண்மைதான். ஆனால் எழுத ஆளில்லை, எழுதியது போதவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

2015 ஜூலையில் இன்னொரு ஐ.நா. குழு 11 நெறிகளை வகுத்தது. மக்களின் அன்றாடத் தேவைகளைச் சுமக்கும் கட்டமைப்புகளைச் சேதப்படுத்தக் கூடாது என்பது அவற்றுள் ஒன்று. குழுவில் 20 நாடுகளின் வல்லுநர்கள். அமெரிக்கா, ரஷ்யா, சீனா மூன்றும் உண்டு. அதே ஆண்டு டிசம்பர் 23 அன்று உக்ரைனின் மின் விநியோக நிலையங்களில், பணியாளர்களின் கண் முன்னாலேயே திரையில் சுட்டி தானாக நகர்ந்து மின்சாரத்தைத் துண்டித்தது. சுமார் 2,25,000 வாடிக்கையாளர்கள் இருட்டில். பணியாளர்கள் வண்டி ஏறி ஒவ்வொரு துணை மின்நிலையமாகப் போய்க் கையால் இணைப்பைத் திருப்பிப் போட்டார்கள். பழைய கருவிகளில் கையால் இயக்கும் வழி மிச்சமிருந்ததால் சில மணி நேரத்தில் விளக்கு எரிந்தது. 2020-இல் அமெரிக்க நீதித்துறை ரஷ்ய இராணுவ உளவுப் பிரிவின் ஆறு அதிகாரிகள் மீது இதற்காகவும் நாட்பெட்யாவுக்காகவும் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. ஒருவரும் நீதிமன்றத்தில் நிறுத்தப்படவில்லை.

ரஷ்யாவை மட்டும் சாடிவிட்டு நகர்ந்தால் அது நேர்மையாகாது. 2010-இல் வெளிச்சத்துக்கு வந்த ஸ்டக்ஸ்நெட் என்ற தீநிரல், ஈரானின் நதன்ஸ் அணு நிலையத்தில் யுரேனியம் செறிவூட்டும் சுழலிகளைச் சத்தமில்லாமல் உடைத்தது. அமெரிக்காவும் இஸ்ரேலும் செய்தது என்று பரவலாக எழுதப்பட்டுவிட்டது. இரண்டும் அதிகாரபூர்வமாக ஒப்புக்கொண்டதில்லை. நிரலால் இரும்பை உடைக்கலாம் என்று உலகத்துக்குக் காட்டிய தாக்குதல் அது. அதைச் செய்தவர்கள் பிறகு ஒழுக்கம் போதிக்க மேடையேறினால் கேட்பவர்கள் நகைக்காமல் என்ன செய்வார்கள்?

இனி என் சொந்தக் கதை. 2017-இல் ஒரு நிறுவனத்தின் சர்வர்களைப் பராமரிக்கும் குழுவில் இருந்தேன். மார்ச் 14 அன்று மைக்ரோசாஃப்ட் ஒரு முக்கியமான பேட்ச், அதாவது மென்பொருள் ஓட்டையை அடைக்கும் திருத்தம், வெளியிட்டது. போட வேண்டுமானால் சர்வர்களை நிறுத்தித் தொடங்க வேண்டும். அனுமதி கேட்டோம். “அடுத்த மாதம் பார்க்கலாம்” என்றார்கள். அடுத்த மாதமும் அதே பதில். நான் மல்லுக்கட்டவில்லை, வாரயிறுதி வேலை தப்பியது என்று உள்ளூர மகிழ்ந்ததையும் மறைப்பதற்கில்லை. மே 12, வெள்ளிக்கிழமை மாலை வானாக்ரை என்ற தீநிரல் வந்தது. அன்றிரவு நானும் இரண்டு பேரும் மாடி மாடியாக ஓடி நெட்வொர்க் கேபிள்களைப் பிடுங்கிப்போட்டோம். எங்களுக்குப் பதினொரு கணினிகளோடு போயிற்று. பிரிட்டனின் பொது மருத்துவமனைகளில் சுமார் 19,000 மருத்துவச் சந்திப்புகள் ரத்தாகியிருக்கும் என்று அந்நாட்டுத் தணிக்கை அலுவலகம் பின்னர் மதிப்பிட்டது. ஏறத்தாழ 150 நாடுகளுக்குப் பரவிய அந்தத் தீநிரல் தணிந்ததற்குக் காரணம், அதன் உள்ளே ஒளிந்திருந்த ஓர் இணைய முகவரியை ஓர் இளம் ஆய்வாளர் தன் பெயரில் பதிவுசெய்ததுதான். எந்தப் படையும் தடுக்கவில்லை.

வானாக்ரையை ஏவியது வட கொரியா என்று அமெரிக்கா அந்த ஆண்டு டிசம்பரில் அறிவித்தது. சரி. ஆனால் அது நுழைந்த ஓட்டை, அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமை கண்டுபிடித்துத் தன் உளவு வேலைக்காகப் பூட்டி வைத்திருந்தது. ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாகப் பயன்படுத்தினார்கள் என்று முன்னாள் அலுவலர்கள் பத்திரிகையிடம் சொன்னார்கள். கருவி அவர்கள் கையிலிருந்து கசிந்தது, இணையத்தில் யாரோ கொட்டிவிட்டார்கள், மற்றவர்கள் பொறுக்கிக்கொண்டார்கள். பேட்ச் வந்த நாளுக்கும் தாக்குதல் நாளுக்கும் இடையே 59 நாட்கள். அந்த 59 நாட்களுக்காக எங்கள் குழுவுக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. நியாயம்தான். ஐந்து ஆண்டுகளுக்கு விளக்கம் கேட்டு யாரும் யாருக்கும் கடிதம் எழுதவில்லை.

தொழில்நுட்ப அறம் என்ற பேச்சு பெரும்பாலும் பொறியாளர்களின் மனசாட்சியைப் பற்றியதாகவே நின்றுவிடுகிறது. எனக்கு அறம் தொடங்கும் இடம் இந்தப் பதுக்கல்தான். ஓட்டையைக் கண்டவன் சொல்லாமல் வைத்திருந்தால், எதிரியின் வீட்டுக் கதவோடு தன் வீட்டுக் கதவையும் ஊரார் வீட்டுக் கதவுகளையும் சேர்த்தே திறந்து வைத்திருக்கிறான். துப்பாக்கியைப் பதுக்குவதோடு இதை ஒப்பிட முடியாது. பதுக்கிய துப்பாக்கி ஒன்றுதான்; ஓட்டை அந்த மென்பொருள் உள்ள எல்லாக் கணினிகளிலும் இருக்கிறது.

சட்டத்தில் உண்மையாகவே பெரிய பொத்தல் ஒன்று இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். பொதுமக்களுக்குரிய பொருள்களைத் தாக்கக் கூடாது என்கிறது போர்ச் சட்டம். தரவு ஒரு பொருளா? தாலின் கையேட்டை எழுதியவர்களில் பெரும்பாலோர், தொட்டுணர முடியாதது என்பதால் பொருளாகாது என்றார்கள். மருத்துவமனைத் தரவுக்குத் தனிப் பாதுகாப்பு உண்டு. மற்றவை? பதிவு அலுவலகத்தின் மேல் குண்டு போட்டால் போர்க்குற்றம் ஆகலாம். கட்டடத்தை விட்டுவிட்டு உள்ளே இருக்கும் பிறப்பு, திருமண, சொத்துப் பதிவுகளை மட்டும் துடைத்துவிட்டால் வழக்கறிஞர்கள் சொல்லாராய்ச்சியில் இறங்குவார்கள். கற்பனை இல்லை. 2024 டிசம்பர் 19 அன்று உக்ரைன் நீதி அமைச்சகத்தின் பதிவேடுகள் தாக்கப்பட்டுச் செயலிழந்தன. வீடு விற்க முடியவில்லை, திருமணத்தைப் பதிவுசெய்ய முடியவில்லை. இன்றியமையாத பொதுமக்கள் தரவுக்கும் பாதுகாப்பு உண்டென்று கொள்ள வேண்டும் என்கிறது சர்வதேச செஞ்சிலுவைக் குழு. அவர்கள் சும்மா சொல்லவில்லை. 2022 ஜனவரியில் போராலும் பேரிடராலும் குடும்பத்தைப் பிரிந்தவர்கள் உட்பட 5,15,000-க்கும் மேற்பட்டோரின் விவரங்கள் அவர்களுடைய சர்வர்களிலேயே களவாடப்பட்டன. காணாமற்போனவர்களின் பட்டியலையும் திருடுவார்களா என்று அன்று கோபப்பட்டது இன்னும் நினைவிருக்கிறது.

2023 அக்டோபரில் செஞ்சிலுவைக் குழுவின் வல்லுநர்கள், போரில் குதிக்கும் சாதாரண ஹேக்கர்களுக்கென்று எட்டு விதிகளை வெளியிட்டார்கள். உக்ரைன் போரில் அமைச்சர் ஒருவரே டெலிகிராமில் ஆள் சேர்த்த காலம் அல்லவா? வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தபடி பக்கத்து நாட்டு ரயில் டிக்கெட் தளத்தை முடக்குகிறவன், தான் போரில் நேரடியாகப் பங்கேற்பவனாகி எதிரியின் இலக்காகவும் ஆகக்கூடும் என்பதை அறிவதில்லை. அந்த எட்டு விதிகளைச் சில குழுக்கள் முதலில் எள்ளி நகையாடின. பிறகு இரு தரப்பிலும் சிலர் கடைப்பிடிக்க முயல்வதாகச் சொன்னதை பிபிசி செய்தியாக வெளியிட்டது. எவ்வளவு தூரம் நடந்தார்கள் என்பது வேறு. “விதி போட்டால் யார் கேட்கப் போகிறார்கள்” என்பவர்கள் அந்த இரண்டாம் செய்தியையும் படிக்க வேண்டும்.

பெருநிறுவனங்களின் யோசனைகளை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. மைக்ரோசாஃப்ட் 2017-இல் “டிஜிட்டல் ஜெனீவா ஒப்பந்தம்” வேண்டும் என்றது; 2018-இல் இணையவெளிப் பாதுகாப்புக்கான பாரிஸ் அறைகூவலில் நாடுகளும் நிறுவனங்களும் கையெழுத்திட்டன. கையெழுத்து போட்டவர்களுக்குச் செலவில்லை. 2024 டிசம்பரில் ஐ.நா. ஏற்ற சைபர் குற்ற உடன்படிக்கையும் இங்கே உதவாது. அது குற்றவாளிகளைப் பற்றியது, படைகளைப் பற்றியது அல்ல. கண்காணிப்புக்கு அது கதவு திறக்கிறது என்று மனித உரிமை அமைப்புகள் எதிர்த்ததில் எனக்கு உடன்பாடு.

2025 ஜூலையில் ஐ.நா. பேச்சுவார்த்தைக் குழு தன் பணியை முடித்து, இந்த விவகாரத்துக்கென ஒரு நிலையான அமைப்பை ஏற்படுத்த ஒப்புக்கொண்டது. அந்த அமைப்பு கூடும்போது, இன்னொரு நாட்டின் கணினிக்குள் நுழைவதே அதன் இறையாண்மையை மீறுவதாகுமா என்று நாள்கணக்கில் பேசுவார்கள். பிரிட்டன் ஒன்று சொல்லும், பிரான்ஸ் வேறொன்று சொல்லும். நான் பார்க்கப்போவது ஒன்றே ஒன்றைத்தான். 2015-இன் 11 நெறிகளில், மென்பொருள் ஓட்டைகளைப் பொறுப்போடு தெரிவிப்பதை நாடுகள் ஊக்குவிக்க வேண்டும் என்று ஒரு நெறி இருக்கிறது. அதில் நாள் கணக்கு இல்லை. நிறுவனங்களுக்கு மட்டும் நாள் கணக்கு உண்டு: ஓட்டை தெரியவந்தால் இரண்டு நாட்களுக்குள் அமைச்சகத்திடம் சொல்ல வேண்டும் என்று சீனா 2021-இல் விதித்தது; தாக்குதலுக்குப் பயன்படும் ஓட்டையை 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்கிறது ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய சட்டம். தகவல் அரசுகளை நோக்கியே போகிறது. அங்கிருந்து வெளியே எத்தனை நாளில் வர வேண்டும் என்று கேட்கும் வரி அந்த நெறியில் இன்றுவரை சேரவில்லை.