இளநீரும் சிறுநீர்த்தொற்றும்: ஒரு திருத்தம்

மதுரை வெயிலுக்கு இளநீரும் தண்ணீரும் நிறையக் குடித்தாலே சிறுநீர்த்தொற்றுக் கிருமிகள் முழுவதும் அடித்துச் செல்லப்படும், மருந்து வேண்டாம் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தண்ணீர் குடிப்பது நல்லதே. அந்த ‘முழுவதும்’ என்பதும் ‘மருந்து வேண்டாம்’ என்பதும்தான் சரியன்று. இத்தொற்றைப் பெரும்பாலும் உண்டாக்கும் ஈ.கோலை பாக்டீரியாவின் மேல் ஃபிம்பிரியா எனும் நுண்முடிகள் உள்ளன. அவற்றின் நுனியிலுள்ள ஃபிம்எச் புரதம் சிறுநீர்ப்பைச் செல்களின் மேலுள்ள மேனோஸ் சர்க்கரையைப் பற்றிக்கொள்வதோடு, நீரோட்டம் இழுக்கும்போது, சுண்டப்பட்ட தூண்டில் முள்ளைப் போல, ஓரளவு வரை பிடியை இன்னும் இறுக்குகிறது. ஐயமிருப்பவர்கள் நுண்ணுயிரியல் ஆய்வகமுள்ள கல்லூரியில் கேட்டுப் பார்க்கலாம் (வீட்டில் முயல வேண்டாம்): கண்ணாடிச் சில்லில் ஃபிம்பிரியா உள்ள ஈ.கோலையையும் ஈஸ்டையும் துளித்துளியாகக் கலந்தால், ஈஸ்டின் மேலும் மேனோஸ் இருப்பதால், திரிந்த பால்போல் கட்டிகட்டியாகும்; மேனோஸைத் தனியே கலந்த துளியில், ஃபிம்எச் அதையே பற்றிக்கொள்வதால், அவ்வாறு ஆவதில்லை.