மார்வாடி ஒண்ணும் ஒடஞ்ச இந்தி இல்ல

ஒரு சேட்டம்மா போன்ல பேசுறத எடுத்து நேத்து ஆளாளுக்கு ஷேர் பண்ண அந்த வீடியோ பத்தி வாயே தொறக்கக்கூடாதுன்னுதான் இருந்தேன், ஆனா காலைல பாத்தா நம்ம ஆளுங்களே "சேட்டம்மாவுக்கு இந்தியே ஒழுங்கா வரல"ன்னு சிரிச்சு வச்சிருக்காங்க. அந்தம்மா பேசினது இந்தியே இல்லங்க. மார்வாடி, ராஜஸ்தான் பக்கத்து மொழி. தாய்மொழில போன் பேசினாங்க, அவ்ளோதான்.

நான் ஜோத்பூர்ல ஆறு வருசம் குடியிருந்தவன். மொத நாள் வீட்டுக்கார பாட்டி தட்டுல பருப்ப ஊத்தி "தாள்"னாங்க. நம்ம ள! நாக்கு நல்லா மடங்கி வருது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. இந்தில அது தால். கறுப்புக்கு இந்திக்காரன் காலான்னா இவங்க காளோ, தண்ணிக்கு அவன் பானின்னா இவங்க பாணி, ண போட்டு. ள வராதுன்னு நாம யாரக் கிண்டல் பண்றோமோ அவங்க சோத்துத் தட்டுலயே ள இருக்கு.

"வட்டிக்கடைக்காரனுக்கு ஏன் வக்காலத்து?"ன்னு கேப்பீங்க. பார்மேர்ல ஆடு மேய்க்கிறவர், நாகௌர்ல வெள்ளாம பண்றவர் பேசுறதும் இதாங்க. ஊருக்கு ஊர் மாறுதாம். மாறட்டுமே! ஜோத்பூர் பேச்சு வேற, ராஜஸ்தான்லயே ஷேகாவாட்டி பக்கத்துப் பேச்சு வேற. நாகர்கோவில் பேச்சும் கோயம்புத்தூர் பேச்சும் ஒண்ணா? அதுக்காக தமிழே இல்லன்னா விடுவோமா? சீதாராம் லாளஸ்னு ஒருத்தர் வாழ்க்கையவே குடுத்து 2 லட்சம் சொல்லுக்கு மேல ராஜஸ்தானிக்கு, அதாவது மார்வாடியும் சேந்த மொழிக்கு, அகராதி தொகுத்திருக்கார், ஒடஞ்ச இந்திக்கா அது?

2011 சென்சஸ்ல சுமார் 78 லட்சம் பேர் தாய்மொழி மார்வாடின்னு சொன்னாங்க. அத்தன பேரையும் இந்திக் கணக்குல சேத்தாச்சு. 2003ல ராஜஸ்தான் சட்டசபையே ராஜஸ்தானிய எட்டாவது அட்டவணைல, அதாவது அரசியல் சட்டம் அங்கீகரிக்கிற மொழிப் பட்டியல்ல, சேருங்கன்னு தீர்மானம் போட்டுச்சு, இன்னும் சேக்கல. இது நமக்குப் புரியாதா? நமக்கே புரியலன்னா வேற யாருக்குங்க புரியும்?

"அவங்கள்லயே நெறய பேர் இந்தின்னுதான எழுதிக் குடுக்குறாங்க"ன்னு ஒருத்தர் இன்பாக்ஸ்ல வந்தார். ஆமா, குடுக்குறாங்க. ஏன்னு கேட்டீங்களா? அந்தப் பாட்டியோட பேரன் யூகேஜி படிக்கிறப்போ எங்கன்னு கேக்க "கடே"ன்னுட்டான், டீச்சர் எல்லார் முன்னாடியும் நிக்க வச்சுத் திட்டிட்டாங்க. அன்னைலருந்து பாட்டி வாசல்ல உக்காந்து "கடே ஜாவே", எங்க போறன்னு கேட்டா அவன் இந்திலதான் பதில் சொல்லுவான், அதுவும் திரும்பிப் பாக்காம. நான் வீடு காலி பண்ற வருசம் பாட்டி அவனுக்கு ஊட்டும்போது "தால்"னு சொல்லப் பழகியிருந்தாங்க. மெதுவா, யோசிச்சு யோசிச்சு.

சிரிச்சு கமெண்ட் போட்டதுல ரெண்டு பேர் என் ஃபிரண்ட் லிஸ்ட்ல இருக்கீங்க. தயவுசெஞ்சு அந்தக் கமெண்ட்ட எடுத்துடுங்க.