குடை யாருக்கு?

(ஏரிக்கரை. விடாத மழை. முக்காலியில் நிற்கும் காமிராவுக்குப் பின்னால் கோமதி. பக்கத்தில் குடையுடன் அவள் தம்பி முரளி.)

முரளி: அக்கா, குடை பிடிப்பவன் நான். நனைகிறவனும் நான். எங்கேயோ கணக்கு இடிக்கிறதே?

கோமதி: குடை காமிராவுக்குடா. இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டு. லென்ஸ் முகப்பில் ஒரு துளி விழுந்தாலும் படம் மங்கிப்போகும்.

முரளி: அதற்குத்தான் அதன் மூக்கில் ஒரு கறுப்புக் குவளையை மாட்டியிருக்கிறாயே?

கோமதி: அது லென்ஸ் ஹூட். மேலிருந்து விழும் மழையைத் தடுக்கும். எதிர்க்காற்றில் வரும் சாரலுக்கு அதுவும் என்ன செய்யும்?

முரளி: காமிராவுக்குப் பிளாஸ்டிக் பை, அதைக் கட்ட ரப்பர் பேண்ட், அதற்கு மேல் குடை. வாங்கும்போது 'மழை தாங்கும்' என்று பெருமையடித்தாய்.

கோமதி: தூறல் தாங்கும் என்றேன். தண்ணீரில் முக்கலாம் என்றா சொன்னேன்?

முரளி: வெயில் நாளில் வந்தால் பறவைகள் விடுப்பில் போய்விடுமா?

கோமதி: உச்சி வெயிலில் வெள்ளை இறகு வெளுத்துவிடும், கறுப்பு இறகு கரியாகிவிடும். மேகம் மூடினால்தான் வெளிச்சம் மெதுவாகப் பரவும், முகத்தில் கறுப்பு நிழல் விழாது. அந்த மீன்கொத்தியின் நீலத்தைப் பார்!

முரளி: எங்கே? எனக்கு ஒரு குச்சியும் அதன்மேல் ஒரு கோபமும்தான் தெரிகின்றன.

கோமதி: கொட்டும் மழையில் உடம்பை நிமிர்த்தி, இறகை ஒட்டவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. தண்ணீர் வழிந்து ஓடிவிடும். வாலடியில் உள்ள சுரப்பியிலிருந்து எண்ணெய் எடுத்து அலகால் இறகெல்லாம் பூசிக்கொள்ளும்.

முரளி: காமிராவுக்குப் பை. பறவைக்கு எண்ணெய். ஒரு முன்னேற்பாடும் இல்லாமல் வந்தவன் நான் ஒருவன்தான்.

கோமதி: உஷ்! உடம்பைச் சிலிர்த்து உதறப்போகிறது. ஷட்டர் திறந்து மூட 1/1000 நொடி, காமிரா வெளிச்சத்தை உணரும் அளவான ஐஎஸ்ஓ 3200. துளிகள் அந்தரத்தில் முத்து முத்தாக நிற்கும்.

முரளி: மழையைக் கோடு கோடாக எடுப்பார்களே?

கோமதி: அதற்கு ஷட்டர் வேகத்தை 1/60 நொடி வரை இறக்க வேண்டும். ஆனால் பறவை இம்மியும் அசையக் கூடாது.

முரளி: குடை பிடிப்பவன்?

கோமதி: அவனும்தான். மூச்சைக்கூடச் சிக்கனமாக விடு.

முரளி: அ... அ... அச்சூ!

கோமதி: போயிற்று! பறந்துவிட்டது!

முரளி: அதற்குள் எடுத்த படத்தைப் பார் அக்கா. ஏதாவது தேறும்.

கோமதி: தேறியிருக்கிறது. ஒரு மழைத்துளி, மிகத் துல்லியமாக. ஆட்டோ ஃபோகஸ் பறவையை விட்டுவிட்டு முன்னால் விழுந்த துளியைப் பிடித்துக்கொண்டது.

முரளி: அப்படியானால் என் தும்மலுக்கு முன்பே படம் போய்விட்டது. நான் நிரபராதி!

கோமதி: வாயை மூடு. மழை ஓய்கிறது.

முரளி: அந்தப் பட்ட மரத்தில் யாரோ கறுப்புக் கோட்டைக் காயப்போட்டிருக்கிறார்களே?

கோமதி: நீர்க்காகம்டா. அதன் வெளியிறகில் தண்ணீர் ஊறும். அதனால்தான் சுலபமாக முங்கி மீன் பிடிக்கிறது. கரையேறியதும் சிறகை விரித்துக் காயவைக்கும்.

முரளி: முதன்முறையாக என் கஷ்டம் புரிந்த ஒரு பறவை.

(கோமதி படமெடுத்து முடிக்கிறாள். மறுபடியும் தூறல்.)

கோமதி: கிளம்பலாம். வீட்டுக்குள் போனதும் காமிராப் பையைத் திறந்துவிடாதே. குளிர்ந்த லென்ஸில் வெதுவெதுப்பான காற்று பட்டால் ஈரம் படியும். ஈரம் தங்கினால் பூஞ்சை. உள்ளே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்டிருக்கிறேன், நிதானமாகத் திறக்கலாம்.

முரளி: சரி, துண்டைக் கொடு. தலை துவட்ட வேண்டும்.

கோமதி: துண்டு லென்ஸைச் சுற்றியிருக்கிறது.

முரளி: பிறகு நான் எப்படிக் காய்வது?

கோமதி: நீர்க்காகம்போல் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நில்.

முரளி: கையை விரித்தால் குடை விழுந்துவிடுமே!

கோமதி: அப்படியானால் காமிரா வண்டிக்குள் போகும்வரை நனைந்துகொண்டே வா.