‘எல்லாமே ஆற்றல்’ என்று ஐன்ஸ்டீன் சொன்னாரா?

“எல்லாமே ஆற்றல்தான், விரும்பும் வாழ்க்கையின் அதிர்வெண்ணோடு உங்கள் அதிர்வெண்ணைப் பொருத்தினால் அது கிடைத்தே தீரும். இது தத்துவமல்ல, இயற்பியல்” என்று ஐன்ஸ்டீன் சொன்னதாக வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. அவர் எழுத்துகளில் அப்படியொரு வாசகம் இல்லை. அது இயற்பியலும் அல்ல.

ஆற்றல் என்பது கணக்கிட்டுப் பெறும் ஓர் அளவு. மேசைமேல் 1 கிலோ அரிசிப் பை இருக்கிறது. 1 மீட்டர் கீழே உள்ள தரையிலிருந்து கணக்கிட்டால் அதன் நிலையாற்றல் (உயரத்தில் இருப்பதால் உள்ள ஆற்றல்) சுமார் 9.8 ஜூல். அதே மேசை மாடியில் இருந்தால், தெருவிலிருந்து கணக்கிடும்போது எண் கூடிவிடும். பையில் ஓர் அரிசிகூடக் கூடவில்லை. ஆற்றலை வரையறுப்பதும் கடினம். ஆற்றல் என்ன என்பது இன்றைய இயற்பியலுக்குத் தெரியாது என்று இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மனே தம் விரிவுரையில் சொல்லியிருக்கிறார். அவருடைய இயற்பியல் விரிவுரைகளின் முதல் தொகுதி, 4ஆம் அத்தியாயம், கால்டெக் (கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகம்) இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது.

அந்தச் செய்தி வந்தால் தயவுசெய்து உங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.